ஓரோ காட்டுப் பட்டாம்பூச்சியும் எங்கள் கிளுவை வேலியும்

உலகின் மிகப் பெரிய பட்டாம்பூச்சியான குயின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங், பாப்புவா நியூ கினி நாட்டின் ஓரோ மாகாணத்து மழைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. பெண் பூச்சி இறக்கை விரித்தால் ஒரு சாணுக்கும் மேல், 25 சென்டிமீட்டரைத் தாண்டும். 1906இல் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் முதல் பெண் பூச்சியைத் துப்பாக்கியால் சுட்டுத்தான் வீழ்த்தினார். மறு ஆண்டு ரோத்சைல்டு என்ற விலங்கியலாளர் அதற்கு இங்கிலாந்து அரசியின் பெயரைச் சூட்டினார். தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் இருந்துகொண்டு அதைப் பற்றி நான் எழுதக் காரணம், அதன் புழு தின்னும் கொடியின் உறவுக்கொடிகள் எங்கள் பக்கத்து வேலிகளிலும் மானாவாரிக் காடுகளிலும் படர்வதுதான்.

அந்தக் கொடி, ஈஸ்வரமூலி என்ற மூலிகைக்கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் இடப்படும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, முதலில் தன் முட்டை ஓட்டையே தின்றுவிட்டு இளந்தளிருக்குச் செல்கிறது. வளர்ந்தபின் முற்றிய தண்டையும் விடுவதில்லை. கரிய உடலில் சிவந்த சதைமுட்களும் நடுவில் வெளிர்நிறப் பட்டையும் கொண்ட அப்புழு, கொடியின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அதை ஒதுக்குகின்றன. முட்டை பூச்சியாவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடிக்கின்றன. அதன்பின் சுமார் மூன்று மாதங்கள் வாழ்கிறது. கொடியோ உயர்ந்த மரங்களைப் பற்றிக்கொண்டு காட்டின் உச்சிவரை ஏறுவது. மரம் சாய்ந்தால் கொடியும் சாயும்.

1951இல் லாமிங்டன் எரிமலை வெடித்தபோது இப்பூச்சியின் வாழிடத்தில் ஒரு பெரிய பரப்பு அழிந்துபோனது. எஞ்சிய காட்டை மரம் வெட்டுதலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் அரித்துவருகின்றன. இதன் பன்னாட்டு வணிகத்தை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் தடைசெய்திருக்கிறது. அத்தடை தேவையானதே, ஆனால் அது வலைவீசுபவனைத் தடுக்குமேயன்றி, மரத்தை வெட்டுபவனைத் தடுக்காது. அங்கு நிலத்தின் பெரும்பகுதி குலங்களுக்கு வழிவழியாக உரியது. பனை நட்டால் வருமானம் உண்டு, பூச்சியைக் காத்தால் ஒன்றுமில்லை என்ற நிலையில் அவர்கள் பனையைத் தேர்ந்தெடுப்பதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொடியை வளர்த்து அதில் பெருக்கப்படும் பூச்சிகளில் சிலவற்றைக் கண்காணிப்புடன் விற்க அனுமதிக்கலாம் என்ற வாதம் நெடுங்காலமாகவே உண்டு. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

நம் பக்கத்தில் ஈஸ்வரமூலியையும் அதன் உறவான ஆடுதீண்டாப்பாளையையும் நம்பி வாழ்வது கிரிம்சன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சி: கறுத்த இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகள், சிவந்த உடல். இது அரிதானதன்று, இருந்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. கொடிக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. பாம்புக்கடிக்கு மருந்து என்று நம்பி ஈஸ்வரமூலியை வேரோடு அகழ்ந்தெடுக்கும் வழக்கம் ஒருபுறம் (அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைக் கேட்பார் இல்லை), களைக்கொல்லி மறுபுறம். எல்லாவற்றையும்விட, இக்கொடி படரும் கிளுவை உயிர்வேலியைப் பொக்லைன் கொண்டு பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பதுதான் இப்போது வேகமாக நடக்கிறது. மாந்தோப்புக்காரர்களிடம் நான் கேட்பதெல்லாம், கம்பிவேலி போட்டாலும் வடக்கு ஓரத்தில் பத்தடிக் கிளுவையை விட்டுவையுங்கள் என்பதே. ஈஸ்வரமூலியின் காய் முற்றி வெடித்துத் தொங்கும்போது விதைகளைச் சேகரித்து, ஆனியாடி மழைக்கு முன் அந்தக் கிளுவையின் அடியில் ஊன்றினால் போதும்.