0.2 மில்லிமீட்டர் ஷிம்

இன்ஜினில் தீ மூட்டும் கிளோ பிளக் மூன்று நாளில் நான்கு போய்விட்டன. என்னுடையது ரிமோட்டில் ஓடும் 1/8 அளவு பகி கார், 3.5 சிசி நைட்ரோ இன்ஜின். 16 சதவீத நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கலந்த எரிபொருளில் இரண்டு வருஷம் சிக்கலே இல்லாமல் ஓடிய வண்டி. நண்பர் 30 சதவீத கேன் ஒன்று கொடுத்தார், அதை ஊற்றிய அன்றே ஆரம்பித்தது. முழு த்ராட்டிலில் கடுகு தாளிக்கிற மாதிரி சடசடவென்று ஒரு சத்தம், அப்புறம் இன்ஜின் அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றினால் பிளாட்டினக் கம்பிச் சுருள் நசுங்கி ஒரு ஓரமாக ஒட்டிக் கிடக்கும்.

எரிபொருள் போதவில்லை என்று நினைத்து எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான ஹை ஸ்பீடு நீடிலைத் திறந்துகொண்டே போனேன். புகை கூடியது, வேகம் குறைந்தது, சத்தம் போகவில்லை. அப்புறம்தான் கம்ப்ரஷன் பக்கம் யோசனை போனது.

இந்த இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. எரிபொருளில் இருக்கும் மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தில் பட்டு வினைபுரிவதும், பிஸ்டன் அமுக்குவதால் வரும் சூடும் சேர்ந்துதான் தீ பிடிக்கிறது. அதனால் கம்ப்ரஷன்தான் இங்கே டைமிங். அது கூடினால் தீயும் முந்திக்கொள்ளும், பிஸ்டன் மேலே வந்துசேரும் முன்பே அடி விழும். நைட்ரோவைக் கூட்டினாலும் இதேதான். அப்போது கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டுக்குக் கீழே, அதைச் சற்று உயர்த்திவைக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையம் இருப்பது அதற்காகத்தான்.

கண்மூடித்தனமாக ஷிம் போட மனம் வரவில்லை, பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை முதலில் அளந்தேன். சால்டரிங் ஈயக்கம்பியின் நுனியை வளைத்து, பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். நசுங்கிய நுனியை வெர்னியரில் வைத்தால் 0.4 மில்லிமீட்டர். கம்பியை கிராங்க் ஷாஃப்ட் போகும் திசையில் வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் பிஸ்டன் லேசாகச் சாய்ந்து அளவு பொய்யாகிவிடும். இரண்டு பக்கமும் அளந்து பார்த்தேன், ஒன்றுபோலவே வந்தது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹெட்டைக் கழற்றினேன். அடிப்பக்கம் மணல் அடித்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது. முன்கூட்டியே வெடித்ததன் தழும்பு அது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பழைய 0.1 ஷிம் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால்தான் எடுத்தேன். கத்தி போட்டால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே காற்று கசியும். அதோடு 0.2 ஷிம் ஒன்றைச் சேர்த்து, தூசி இல்லாமல் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். மறுபடி ஈயக்கம்பி விட்டால் 0.6.

புது பிளக் போட்டு, நீடிலைத் தாராளமாகத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன். சடசடப்பு இல்லை! அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி நிறுத்தி நீடிலை மூடி, ஹெட் சூட்டை 110 டிகிரியில் கொண்டுவந்து நிறுத்தினேன். புறப்படும்போது இருந்த அந்த உதைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் மேல் வேகத்தில் இன்ஜின் பிசிறில்லாமல் பாடுகிறது, அதே பிளக் இரண்டு லிட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய எரிபொருளுக்குத் திரும்பினால் அந்த 0.2 ஷிம்மை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஐடிலில், அதாவது த்ராட்டிலை விட்ட நிலையில், ஓடாமல் அணைந்துவிடும். அதனால் இப்போது ஒவ்வொரு கேன் மேலும் அதற்குரிய ஷிம் கணக்கை மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன்.