வேலிக்குப் பின்னால் ஆடியவர்கள்

நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊருக்கு வந்த புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவரின் விசாவை ஒட்டி வந்த விசா. ஓக் ட்ரீ ரோட்டில் இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை கிடைத்ததால் சமையலறை சீக்கிரம் பழகிவிட்டது. பகல்பொழுதுதான் பழகவில்லை. அதை நிரப்பியது நூலகம். வாரம் ஒருமுறை பழைய படங்கள் போட்டு, அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டிய பெண்கள்.

ஒரு வாரம் பர்லெஸ்க். பாட்டுக்கும் கோமாளி வசனத்துக்கும் நடுவே உடையை ஒவ்வொன்றாகக் களைந்தபடி பெண்கள் ஆடும் மேடைக் கலை. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உட்கார வைத்தது முதல் படம். 1894இல், எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி வெஸ்ட் ஆரஞ்சில் எடுத்தது. விஞ்ஞானி தாமஸ் எடிசனின் படப்பிடிப்புக் கொட்டகை தார்க்காகிதம் போர்த்தியது. வெயிலைப் பிடிக்கக் கூரையைத் திறந்து, கொட்டகையையே தண்டவாளத்தில் சுழற்றுவார்களாம். உள்ளே ஸ்பெயின்காரி கார்மென்சிட்டா ஆடுகிறார். அரை நிமிடம்கூட இல்லை. சுழலும்போது பாவாடை எழும்பிக் கால் தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கே ஆஸ்பரி பார்க் என்ற ஊரில் அந்தப் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது.

அடுத்து, ஃபாத்திமா என்பவரின் இடுப்பாட்டம், 1896. உடம்பு முழுக்க உடை இருக்கிறது. ஆனாலும் ஒரு பிரதியில் மார்புக்குக் குறுக்கே ஒன்று, இடுப்புக்குக் குறுக்கே ஒன்று என்று வெள்ளை வேலி வரைந்திருக்கிறார்கள். வேலி போட்டதாலேயே கண் அங்கே போகிறது. அவர் முகத்தைப் பார்க்க நான் முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

1937இல் நியூயார்க் மேயர் லகார்டியாவின் நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமம் மறுத்தது. ரசிகர்கள் ஹட்சன் ஆற்றைக் கடந்து எங்கள் நியூ ஜெர்சிப் பக்கம் யூனியன் சிட்டிக்கும் நுவார்க்குக்கும் வந்தார்கள். "எங்க அப்பாவும் போவார், ஆனா அந்தப் பொண்ணுங்க பேரை வீட்டில சொல்லக்கூடாது" என்றார் பக்கத்தில் இருந்த பாட்டி. எனக்கு சில்க் ஸ்மிதா நினைவு வந்தது. அவர் பாட்டு இருந்தால் படம் விற்கும். மரியாதை மட்டும் கிடைக்காது. 1996இல் அவர் இறந்த பிறகுதான் நல்ல நடிகை என்று பேச ஆரம்பித்தோம். பார்த்தவர்களுக்கு ஒட்டாத அவமானம் ஆடியவர்களுக்கு மட்டும் ஒட்டியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தபோது 1955இல் வந்த டீசராமா படத்தில் பர்லெஸ்க் ஆட்டக்காரர் டெம்பஸ்ட் ஸ்டார்ம் ஆடும் பகுதியைக் காட்டினேன். கலர் படம். அந்தக் காலத்து மாடல் பெட்டி பேஜ் பணிப்பெண்ணாக வந்து அவருக்கு உடுத்திவிடுகிறார். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு, "தாளம் தப்பல. கூலி ஒழுங்கா குடுத்தாங்களாடி?" என்றார்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு டெம்பஸ்ட் ஸ்டார்ம் ஒப்பந்தம் போட்டதாக அந்தக் காலத்தில் செய்தி வந்தது என்றேன். அதே 1955இல்தான் படத்தை எடுத்த இர்விங் கிளாவை அமெரிக்க செனட் குழு ஆபாசப் படங்கள் தொடர்பாக விசாரித்தது. பிறகு அவர் தன்னிடமிருந்த படச்சுருள்களில் ஏராளமானவற்றை அழித்தார்; சிலவற்றையாவது காப்பாற்றியவர் அவருடைய தங்கை பவுலா.

டெம்பஸ்ட் ஸ்டார்ம் 2021இல், 93 வயதில் இறந்தபோது பெரிய பத்திரிகைகள் பெயர் போட்டு அஞ்சலி எழுதின. லாஸ் வேகாஸில் பர்லெஸ்க் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மா அடுத்த முறை வரும்போது கூட்டிப் போகிறேன்.