அப்பாவின் பெயரில் காணாமல் போன 'சாமி'

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்ட மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ரத்தக் குழாயைப் படம் எடுக்கும் ஆஞ்சியோவில், இதயத்தின் மூன்று குழாய்களிலும் அடைப்பு. இருபது வருடச் சர்க்கரை வேறு. குழாயை விரித்து வைக்கும் வலைக்குழல், அதாவது ஸ்டென்ட், சரிப்படாது, பைபாஸ்தான் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும் தைரியத்தில் விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னை போனோம். மருத்துவமனைக் கவுன்டரில் இருந்தவர் அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதில் சாமி இருக்கிறது, அதில் இல்லையே?" ஆதாரில் அப்பாவின் பெயர் சாமியில் முடியும், ரேஷன் கார்டில் எவரோ அதை விழுங்கிவிட்டார்கள், காப்பீட்டு அட்டையும் அதைப் பார்த்து எழுதியதுதான். "இரண்டு பேரும் நான்தான்" என்று மூச்சு வாங்கியபடி சொன்னார் அப்பா. கவுன்டர்க்காரர் நிமிரவே இல்லை. நெஞ்சுவலிக்காரரோடு நூற்றைம்பது கிலோமீட்டர் திரும்பி வந்தோம். தாலுகா அலுவலகத்தில் உரிய எழுத்தர் விடுப்பில் இருந்தார். மறுநாள் வந்தார், மதியத்துக்கு மேல். கிளம்பும் முன் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

இரண்டாம் பயணத்தில் காகிதம் தேறியது. அறுவை மருத்துவர் கேட்டார்: "குளோபிடோக்ரல் கடைசியாக எப்போது போட்டீர்கள்?"

"இன்று காலைகூடப் போட்டேன், ஒரு வேளை தவறவிட்டதில்லை" என்றார் அப்பா, பெருமையாக.

ரத்தம் உறையவிடாத மாத்திரை அது. நிறுத்தி ஐந்து நாளாவது ஆனால்தான் கத்தி வைப்பார்களாம். எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, தேதி கொடுத்தவரும் சொல்லவில்லை. வார்டிலேயே ஐந்து நாள் காத்திருந்தோம். இதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து. தேதி குறிக்கும்போதே எதை, எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்பாவுக்கு ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொன்னார்கள்.

பக்கத்துப் படுக்கையில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். நாட்டின் முதல் பைபாஸ் 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தது என்று, தானே பக்கத்தில் நின்று கத்தி எடுத்துக் கொடுத்ததுபோல ஐந்து நாளும் சொன்னார். மேலை நாடுகளில் பெரும்பாலும் இதயத்தை நிறுத்தி, இயந்திரத்தில் ரத்தத்தை ஓட்டிச் செய்வார்களாம். நம் ஊரில் பல இடங்களில் துடிக்கும்போதே தைக்கிறார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான்: அடைப்பைத் தாண்டி ரத்தம் போக நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு தமனி, காலிலிருந்து எடுத்த சிரையில் இரண்டு துண்டு. அறுவை நல்லபடியாக முடிந்தது. நெஞ்சைவிடக் கால் தையல்தான் வலிக்கிறது என்கிறார். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வரும் வழியில் வேகத்தடை கண்ணில் பட்டாலே அணைத்துக்கொண்டார்.

நேற்று மறுபரிசோதனை. அதே கவுன்டர், அதே ஆள். "ஆஞ்சியோ சிடி இருக்கிறதா?" மூன்று பிரதி வைத்திருந்தேன். மூன்றையும் மேசைமேல் அடுக்கினேன். இந்த முறை நிமிர்ந்து பார்த்தார்.