ஷ்டாலெக் கோட்டை: கூம்புக் கூரை ஒருவழியாக ஏறிவிட்டது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குக் கடைசி வரிசை ஓடுகளை ஒட்டி முடித்தேன். மொத்தம் 50 வரிசைகள். ஜெர்மனியின் பாகராக் ஊருக்கு மேலே ரைன் நதியைப் பார்த்து நிற்கும் ஷ்டாலெக் கோட்டையின் வட்டக் கோபுரம், அட்டை மாதிரியாக என் மேசையில் மூன்று மாதமாக மொட்டையாக நின்றது. இனி அதற்குக் கூரை உண்டு. இதற்கு முன் செய்த இரண்டு கூரைகளைக் கிழித்து எறிந்துவிட்டேன்.

அளவு 1:150. சுவர், மதில், வாயில் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அட்டை வெட்டத் தெரிந்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. கூரையின் ஸ்லேட் (பலகைக்கல்) ஓடுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இளைஞர் விடுதியாக உள்ள அந்தக் கோட்டையில் இரண்டு இரவு தங்கியிருந்தேன். காலையில் மழை விட்டதும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஈர ஓடு கறுப்பாகத் தெரியவில்லை. நீலம் ஊறிய சாம்பலாக மின்னியது. விளிம்பிலிருந்து உச்சி நோக்கிப் போகப் போக ஓடுகள் சிறுத்துக்கொண்டே போயின. அது இல்லாவிட்டால் கூரை கூரையாகவே இருக்காது என்று அன்றே முடிவு செய்தேன்.

படங்களை வைத்து நான் கணித்த கூம்புக்கு அடி ஆரம் 3 செ.மீ., சாய்வு நீளம் 7.5 செ.மீ. விரித்தால் 144 பாகை விசிறி. முதல் முறை நேரான தாள் பட்டைகளைச் சுற்றினேன். கூம்பில் நேர்ப்பட்டை படியாது. கீழ் விளிம்பு ஒட்டினால் மேல் விளிம்பு சுருங்கும். இரண்டாம் முறை ஒவ்வொரு வரிசையையும் காம்பஸால் வளைவாக வரைந்து வெட்டினேன். அழகாகப் படிந்தது. ஆனால் எல்லா இணைப்பும் ஒரே பக்கம் விழுந்ததால் கூரையில் உச்சி முதல் அடி வரை ஒரு தழும்பு. இப்போது ஒவ்வொரு வரிசையின் இணைப்பையும் மூன்றில் ஒரு சுற்று தள்ளி வைக்கிறேன்.

பட்டையின் விளிம்பில் ஓடுகளைப் பிரித்துக் காட்டும் பல்லை வெட்டுவதுதான் உயிரை எடுத்தது. அலங்காரக் கத்தரிகளின் பல் இந்த அளவுக்கு மிகவும் பெரியது. அளவுகோல் வைத்துக் குறித்தால் பத்தாவது பல்லுக்குள் கை கோணுகிறது. விடை கருவிப் பெட்டியிலேயே கிடந்தது: ஆக்ஸா பிளேடு! அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடில் பல் இடைவெளி 1.8 மி.மீ.; 18 பல் என்றால் 1.4, 24 பல் என்றால் ஏறத்தாழ 1.06. ஓடு சிறுப்பதற்கான அளவு மூன்றும் தயாராக இருந்தன. பிளேடின் முனையைத் தாளின் வளைவோடு மெல்ல உருட்டி அழுத்தினால் ஊசி குத்தியதுபோல் வரிசையாகத் தடம் விழுகிறது. ஒவ்வொரு தடத்திலும் கத்தி நுனியால் இரண்டு சின்னக் கீறல். துணுக்கு தானாக விழுந்துவிடும். கீழ் 20 வரிசைக்கு 14, நடு 18 வரிசைக்கு 18, அதற்கு மேல் 24. உச்சியில் கடைசி ஐந்து வரிசைக்குப் பல்லே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ 2,900 ஓடுகள் ஆயின.

தாளுக்கு முதலிலேயே வண்ணம் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். ஒட்டிய பின் பூசினால் ஓடெல்லாம் உப்பிவிடும். பசையைத் தாளில் தடவாமல் கூம்பில் தடவுங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் போதும். 120 கிராமில் ஒவ்வொரு வரிசையும் படிக்கட்டுபோல் துருத்தும். இணையத்தில் வாங்கிய ஒரு கட்டு 80 கிராம் என்று அச்சடித்து வந்தது. தொட்டாலே 100க்குக் குறையாது என்று தெரிந்தது. இப்படி ஏமாற்றினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

பழைய கோட்டைக்கு இவ்வளவு புதிய கூரையா என்று ஒரு நண்பர் கேட்டார். 1689இல் பிரெஞ்சுப் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. சிதறிய கற்கள் கீழே இருக்கும் வெர்னர் தேவாலயத்தையும் சிதைத்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடிபாடாகக் கிடந்ததை 1920களில்தான் இளைஞர் விடுதியாக எழுப்பத் தொடங்கினார்கள். கோபுரம் எழுந்தது 1960களில். ஆகவே புதுக் கருக்கு மாறாத ஓடுதான் உண்மைக்கு நெருக்கம். பாசியும் அழுக்கும் பூசப் போவதில்லை.

முற்றத்தைப் பார்த்த மரச்சட்டச் சுவர் இன்னும் பாக்கி. அகழியில் தண்ணீரும் ஊற்ற வேண்டும். ஜெர்மனியில் மலைமேல் கோட்டைக்கு நீர் நிற்கும் அகழி அபூர்வம், அதை விட முடியாது. ஆனால் மனம் அதற்குள் இன்னொரு ஜெர்மன் கோட்டையான ஆல்டெனாவுக்கு ஓடிவிட்டது. 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போய்ப் புயல்மழையில் சிக்கிய ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான், உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதியை அந்தக் கோட்டையில்தான் தொடங்கினார். கனத்த மரக் கட்டில்களோடு அந்தப் பழைய படுக்கையறை இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த ஓர் அறையை மட்டும் 1:24இல் செய்ய ஆசை. கட்டிலுக்கு 3 மி.மீ. மரச் சட்டம் தேடத் தொடங்கிவிட்டேன்; பால்சா என்ற மென்மரம் வேண்டாம், நகம் பட்டாலே பள்ளம் விழும்.