பெயர் மாறும்போது பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது

ஒரு சிறு நிறுவனம் பெயரை மாற்றப் போகிறது என்றால் பேச்சு உடனே லோகோவுக்குப் போய்விடுகிறது. என்ன நிறம், என்ன எழுத்து என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். மொத்த வேலையில் அது சின்னப் பங்குதான். பழைய பெயர் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடிப் பட்டியல் போடுவதே முதல் வேலை. பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், லைசென்ஸ், இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம், வாரன்டி அட்டை, கார்டு மெஷின் தரும் ரசீது, வாடிக்கையாளரின் வங்கி ஸ்டேட்மென்டில் தெரியும் பெயர். இந்தக் கடைசி இடத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். ‘இந்தப் பெயரில் நான் எதுவும் வாங்கவில்லையே’ என்று வாடிக்கையாளர் வங்கியில் புகார் கொடுப்பார். வந்த பணம் திரும்பிப் போகும், அபராதமும் சேரும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைபேசியில் சொல்லிப் பார்க்க வேண்டும். தொழிலோடு தொடர்பில்லாத பத்துப் பேரிடம் ஒருமுறை மட்டும் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று பேர் தப்பாக எழுதினாலே அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது. பிடித்த பெயரில் டொமைன் (இணைய முகவரி) கிடைக்கிறது என்பதற்காக டிரேட்மார்க்கும் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. டிரேட்மார்க் பதிவில் மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்களுக்கு, 35 முதல் 45 வரை சேவைகளுக்கு. உங்கள் வகுப்பிலும் அதை ஒட்டிய வகுப்புகளிலும் தேட வேண்டும். எழுத்து வேறாக இருந்து ஒலி ஒன்றாக இருந்தாலும் ஆட்சேபம் வரும். பலகை அடித்த பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் எல்லாச் செலவும் இரண்டு முறை.

பதிவுசெய்த நிறுவனப் பெயரையே மாற்ற வேண்டுமா, வியாபாரப் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இரண்டாவதே போதும் என்பது எங்கள் கருத்து. ஒப்பந்தங்களையும் வங்கிக் கணக்கையும் தொட வேண்டியதில்லை. பில்லின் அடியில் பதிவுப் பெயரைச் சிறிய எழுத்தில் போட்டால் சரி.

உண்மையான ஆபத்து பணம் வரும் வழியில் இருக்கிறது. ‘எங்கள் பெயர் மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்கில் பணம் போடுங்கள்’ என்று உங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வையுங்கள். மோசடிக்காரர்கள் அனுப்புவதும் அச்சு அசலாக இதே கடிதம்தான். பொறுப்பான கணக்காளர் அதைப் பார்த்ததும் பணத்தை நிறுத்திவைப்பார்; அவர் செய்வது சரி. ஆகவே பெயரையும் கணக்கு எண்ணையும் ஒரே சமயத்தில் மாற்றவே கூடாது. பெயர் மாற்றத்தை முதலில் அறிவியுங்கள், கணக்கு எண் அதேதான் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். பெரிய வாடிக்கையாளர்களின் கணக்குப் பிரிவுக்கு நேரடியாகப் போன் செய்து சொல்லுங்கள். அவர்களுடைய மென்பொருளில் சப்ளையர் பெயரைத் திருத்தவே சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பில்லில் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

இணையதளத்தில் ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 முறையில், அதாவது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் முறையில், திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளினால், பல ஆண்டு உழைப்பில் தேடலில் கிடைத்த இடம் பறிபோகும். இந்தத் திருப்பலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். புதிய டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) மூன்றையும் அமைத்த பிறகே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்க வேண்டும். முதல் நாளே ஆயிரக்கணக்கானோருக்கு அறிவிப்பு அனுப்பினால் பாதி ஸ்பேமில் விழும். சிறு சிறு தொகுதிகளாக அனுப்புங்கள். பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விடுவதுதான் மன்னிக்க முடியாத அலட்சியம். வேறொருவர் அதை வாங்கினால், உங்கள் பழைய முகவரிக்கு வரும் கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சல்கள் எல்லாம் அவர் கைக்குப் போகும்.

லோகோவைப் பொறுத்தவரை, வடிவமைப்பாளரிடம் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு மட்டும் வைத்து ஒரு வடிவம், 16 பிக்சலிலும் அடையாளம் தெரியும் ஒரு வடிவம் இரண்டும் வேண்டும். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு மாதிரி அச்சைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பெயரையும் பொட்டலத்தின் தோற்றத்தையும் ஒரே நாளில் மாற்றினால், பழகிய வாடிக்கையாளர் அலமாரியில் தேடிவிட்டுப் போய்விடுவார். பெயர் மாறாதபோதே இந்தச் சிக்கல் வரும்: 2009-இல் டிராபிகானா தன் ஆரஞ்சு ஜூஸ் அட்டைப்பெட்டியை அடியோடு மாற்றி, இரண்டு மாதங்களுக்குள் பழைய தோற்றத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. சிறு நிறுவனத்துக்கு அப்படித் திரும்பிவரப் பணம் இருக்காது. நிறத்தை அப்படியே வைத்துப் பெயரை மாற்றுங்கள், ‘முன்பு இன்ன பெயர்’ என்ற வரியை ஓராண்டு விடாமல் போடுங்கள், அச்சடித்து மிச்சமிருக்கும் உறைகளை ஸ்டிக்கர் ஒட்டித் தீர்த்துவிடுங்கள்.

பழைய பெயருக்கு டிரேட்மார்க் இருந்தால் அதையும் கவனியுங்கள். சில ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத பெயரின் பதிவை ரத்து செய்யும்படி மற்றவர் கேட்கலாம் என்பது பல நாடுகளின் சட்டம். போட்டியாளர் கைக்குப் போகக் கூடாது என்றால், விற்பனையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளிலாவது அந்தப் பெயர் தொடரட்டும். பெயர் பயன்பாட்டில் இருப்பதற்குச் சான்றாக அந்தப் பொருளின் பில்களையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.