பனிப்பாறைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

அலாஸ்காவில் பேர் கிளேசியர் காயலுக்குக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: பனிப்பாறையைத் தொட்டுப் பார்க்கலாமா? கூடாது. ஏன் கூடாது என்று விளங்கிவிட்டால், போட வேண்டிய உடுப்பு, கிளம்பும் நேரம், வழிகாட்டி வழியில் அடிக்கடி நிற்பது எல்லாமே தானாக விளங்கிவிடும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சீவர்ட் என்ற துறைமுக ஊர் ஆங்கரேஜிலிருந்து தெற்கே, சாலை வழியாக 200 கிலோமீட்டர். அதை ஒட்டி, 1980இல் அமைந்த கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்கா. மேலே மலைமுகடுகளை மூடிக்கிடக்கும் ஹார்டிங் பனிவெளியிலிருந்து இறங்கும் பனியாறுகளில் பூங்காவிலேயே பெரியது பேர் கிளேசியர். ஒரு காலத்தில் அது முன்னே தள்ளிவந்து குவித்த கல்லும் மணலும் கடலோரம் மேடாக நிற்கின்றன. பனி பின்வாங்கிப் போனது, மேடு அப்படியே இருக்கிறது, நடுவில் நீர் தேங்கிக் காயலாகிவிட்டது. பனியாற்றின் முகப்பிலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகள் கடலுக்குப் போக வாய்க்கால் மாதிரி ஒரு குறுகிய வழிதான் உண்டு. பெரியவை அதில் நுழையாது. உள்ளேயே சுற்றிச் சுற்றி உருகும். அங்கே அத்தனை பாறைகள் கூடிக் கிடப்பதற்கு அதுதான் காரணம்.

சாலை கிடையாது. ரெசரக்‌ஷன் விரிகுடாவின் மேற்குக் கரையோரமாக, கேன்ஸ் ஹெட், கலிஸ்டோ ஹெட் முனைகளைத் தாண்டிப் படகில் போக வேண்டும். காயலுக்கு முன்னால் உள்ள கடற்கரை அலாஸ்கா வளைகுடாவைப் பார்த்துத் திறந்து கிடப்பதால் அலை நேராக வந்து அடிக்கும். ஊரில் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும் நாளிலும் அங்கே இறங்க முடியாமல் போகலாம். ஜெட் படகுக்கு அடியில் விசிறி கிடையாது என்பதால் ஆழம் குறைந்த வாய்க்கால் வழியாக அது உள்ளே போய்விடும். ஆனாலும் ஓதம், அதாவது கடல்நீர் ஏறும் நேரம், பார்த்துத்தான் போக முடியும். சீவர்டில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் சராசரியாக 3 மீட்டர் வித்தியாசம். "காலை ஆறு மணிக்கே ஏன் வரச் சொல்கிறார்கள்?" என்பதற்கு விடை பெரும்பாலும் ஓத அட்டவணையில்தான் இருக்கும்.

இப்போது பாறைக்கு வருவோம்.

பனிக்கட்டியின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 917 கிலோ. அதனால் கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு வெளியே தெரியும். நன்னீரில் அதைவிடக் குறைவு, பன்னிரண்டில் ஒரு பங்குதான். நன்னீரில் மிதக்கும் ஒரு பாறை, 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்துக்கு, ஒரு சின்ன அறை அளவு வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த எடை ஏறத்தாழ 1,100 டன். அத்தனை எடையும் நிலையாக நிற்பதில்லை. நீர் பட்ட இடம் காற்றுப் பட்ட இடத்தைவிட வேகமாக உருகும்; அதிலும் நீர்மட்டத்தில் அலை தொடர்ந்து அரிப்பதால், இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு பள்ளம் விழும். மேலே ஒரு பக்கம் உடைந்து விழுந்தாலோ, கீழே ஒரு பக்கம் கரைந்தாலோ எடை மையம் நகரும். பாறை புரளும். புரள்வதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளாது.

இந்தக் காயலில் இன்னொரு சிக்கல் உண்டு. பனியாறு மலைக்கல்லை அரைத்து மாவாக்கிக் கொண்டுவருவதால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் நிறத்தில் இருக்கும். துடுப்பின் தகடு ஒரு முழம் இறங்கினாலே கண்ணுக்குத் தெரியாது. நீருக்கடியில் திண்ணை போல நீண்டு நிற்கும் பனி, தெளிந்த கடலில் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். இங்கே தெரியாது. பாறை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தத் திண்ணை படகுக்கு அடியிலிருந்து எழும். தொடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்; மேலிருந்து கட்டி விழும் என்பது அடுத்த காரணம்தான்.

தள்ளி நிற்க நல்ல கணக்கு ஒன்று உண்டு. தெரியும் உயரத்தை மூன்றால் பெருக்குங்கள். பாறையின் நீளத்தையும் பாருங்கள். இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தூரம். 6 மீட்டர் உயரமும் 30 மீட்டர் நீளமும் உள்ள பாறைக்கு 30 மீட்டர். உடைந்து விழும் பனியாற்று முகப்புக்கு இந்தக் கணக்கு போதாது. அதற்கு அரை மைல், அதாவது 800 மீட்டர். ஆகவே முகப்பின் அடியில் போய் நின்று படம் எடுக்கும் ஆசைக்குக் கயாக் சரிப்படாது. சீவர்டிலிருந்து அயாலிக் விரிகுடாவுக்குப் போகும் பெரிய சுற்றுலாப் படகில் ஏறுவது மேல். இந்தக் காயல் பாறைகளைப் பார்க்கிறவர்களுக்கானது.

பாறையை வாசிக்கவும் பழகலாம். அதன் மேல் கோடுகளைத் தேடுங்கள். பழைய நீர்மட்டம் ஒவ்வொன்றும் ஒரு கோடு விட்டுப் போயிருக்கும். கோடுகள் தண்ணீருக்கு இணையாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் பாறை உருகி லேசாகி மெல்ல மேலே எழுந்திருக்கிறது, சாய்ந்திருந்தால் சாய்ந்திருக்கிறது, செங்குத்தாக நின்றால் புரண்டு படுத்திருக்கிறது. வெள்ளையாகச் சொரசொரவென்று இருக்கும் முகம் பல நாள் வெயில் பட்டது. வழவழப்பாக, கருநீலக் கண்ணாடி போல இருப்பது அண்மைக்காலம்வரை நீருக்குள் இருந்தது, அதாவது இப்போதுதான் புரண்டது. அதன் பக்கம் போகவே வேண்டாம், புதிய நிலை பிடிக்கும்வரை அது ஆடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் ஒட்டுமொத்தமாக எழுந்தாலும் நீங்கள் பின்வாங்குங்கள். சர்ரென்று சோடா பொங்குவது போல ஒரு சத்தம் மட்டும் எப்போதும் கேட்கும். அது பனியில் அடைபட்டிருந்த பழைய காற்று உருகும்போது வெடித்து வெளியேறும் சத்தம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

நீருக்கு மேல் 1 மீட்டருக்கும் குறைவாகத் தெரியும் சிறு கட்டிகளை மாலுமிகள் குரோலர் என்பார்கள். குமிழி இல்லாத கட்டி தண்ணீர் நிறத்திலேயே மிதக்கும், மோதிய பிறகுதான் தெரியும். ஃபைபர் கயாக்கில் பூச்சு பெயர்ந்துவிடும். அதனால்தான் கெட்டி பிளாஸ்டிக் கயாக்குகளை விரும்புகிறார்கள். கட்டிகளுக்கு நடுவில் போகும்போது சுக்கானைத் தூக்கிவிட வேண்டும். கீழே விட்டிருந்தால் பனி சிக்கி, கம்பி அறுந்து, திரும்பி வரும்போது காற்றில் படகு நேராகப் போகாது.

உடுப்புக்கு வருவோம். தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். குளிர்நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைவிரல்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரைதான், நினைவு தவற 1 மணி நேரம். டிரை சூட் இதில் நேரத்தைக் கூட்டித் தருகிறது, ஆனால் அது தானாகச் சூடு தராது. ஈரம் புகாத உறை, அவ்வளவுதான். சூடு உள்ளே போடும் துணியிலிருந்து வர வேண்டும்: மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ உடலை ஒட்டி, அதன் மேல் ஃப்ளீஸ். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் பருத்தி காயாது.

கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள லேடெக்ஸ் பட்டைதான் டிரை சூட்டின் உயிர். மோதிரம், வளையல், கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். நகம் பட்டாலும் கிழியும். தலையை நுழைக்கும்போது பட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், இரண்டு கையையும் உள்ளே விட்டு விரித்துக்கொண்டு நுழைக்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு முடிக்கற்றையோ சட்டைக் காலரோ மாட்டியிருந்தால் அந்த வழியே தண்ணீர் இறங்கும். ஜிப்பைக் கடைசி ஒரு சென்டிமீட்டர் வரை மூடியாயிற்றா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு அதுதான். பிறகு குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் விழும்போது அது கால் பக்கம் ஓடி, கால்கள் மேலே மிதந்து உங்களைத் தடுமாற வைக்கும். லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே.

கயாக்கின் வாயை மூடும் இடுப்புத் துணியை மாட்டும்போது முன்னால் உள்ள இழுப்புப் பட்டை வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால், கவிழ்ந்ததும் இழுக்கப் பிடி இருக்காது. கவிழ்ந்தால் செய்ய வேண்டியது இது: பட்டையை முன்னோக்கி இழுத்து வெளியே வாருங்கள், படகை விடாதீர்கள், துடுப்பையும் விடாதீர்கள். வழிகாட்டி உங்கள் படகின் மூக்கைத் தன் படகின் குறுக்கே இழுத்துப் போட்டு, நீரை வடித்து, நிமிர்த்தி, இறுகப் பிடித்துக்கொள்வார். நீங்கள் பின்பக்கமாக மார்பை மேலே ஏற்றி, ஒரு குதிகாலை உள்ளே கொக்கி போல மாட்டித் திரும்பி ஏறலாம். பழகிய கையில் சில நிமிட வேலை. இதைக் கரையோரம் ஒருமுறை செய்துகாட்டாத வழிகாட்டியிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அன்றைய பயணத்தின் போக்கைக் காற்றுதான் முடிவு செய்யும். பனிமேல் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து காயலுக்கு இறங்கும். கடல்காற்று அதற்கு எதிரே வரும். சிறு கட்டிகளைக் காற்று தள்ளும். ஆழமாக மூழ்கிய பெரும்பாறையை நீரோட்டம் தள்ளும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால், காலையில் வந்த சந்து மதியம் அடைபட்டிருக்கும். நல்ல வழிகாட்டி முன்னே பார்க்கும் அளவுக்குப் பின்னேயும் திரும்பிப் பார்ப்பார். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரே வழிதான் என்றால் அதில் நுழையாமல் சுற்றிப் போவார்.

சாப்பிட இறங்கும்போது கயாக்குகளை நீரோரத்தில் விடாதீர்கள். தொலைவில் ஒரு பாறை புரண்டாலும் அலை சில நிமிடம் கழித்துக் கரைக்கு வரும். ஆழத்தில் மெல்லத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும் அதே அலை கரையில் எழுந்து உடையும், படகைக் கொண்டு போய்விடும். மேட்டுக்கு ஏற்றிக் கட்டி வையுங்கள். நீரில் இருக்கும்போது அலை வந்தால் கரையை நோக்கி ஓடாமல், ஆழத்திலேயே மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி நில்லுங்கள். உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வையுங்கள். இடத்தின் பெயரே கரடிப் பனியாறு. நீர்நாய்கள், கடல்நாய்கள் எதிர்ப்பட்டால் 100 கஜம் தள்ளியே இருங்கள்.

இரவு தங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பனியாற்றின் ஓரத்தில் பனியே அணையாகித் தேக்கிய ஏரி ஒன்று உண்டு. அது சில சமயம் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்து வடியும். ஐஸ்லாந்துச் சொல்லால் இதை யோக்குல்ஹ்லாப் என்பார்கள். அப்போது காயல் மட்டம் ஏறும், வாய்க்காலில் வெள்ளம் சீறும், பாறைகள் கடலுக்குப் பாயும். பூங்கா அலுவலகம் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள், கூடாரத்தை நீரோரத்தில் போடாமல் மேட்டில் போடுங்கள். மொபைல் சிக்னலை நம்ப முடியாது. வி.எச்.எஃப் ரேடியோ மலைக்கு அப்பால் கேட்காமல் போகலாம், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருக்க வேண்டும்.

பருவம் மே இறுதியிலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை. சீவர்டில் ஒரே ஒரு நாளை ஒதுக்கிவிட்டு வராதீர்கள். அலை பெரிதாக இருந்தால் அன்றைய பயணம் ரத்துதான். மறுநாள் கையில் இருந்தால்தான் மறுபடி முயல முடியும்.