65 வயதுக்கு முன்னாலேயே உடம்பு கைவிட்டுவிட்டால்?

மசேநி, அதாவது சிங்கப்பூரின் மத்திய சேமநிதி பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்களுக்கு எல்லாமே மனப்பாடம். 55 வயதில் குறைந்தது 5,000 வெள்ளி எடுக்கலாம், மாதத்தொகை 65இலிருந்து வாங்கலாம், 70 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை கூடும். சரி, 58 வயதில் உடம்பு முடியாமல் வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அதான் கேர்ஷீல்டு இருக்கே" என்பார்கள்.

கேர்ஷீல்டு லைஃப் கடும் உடற்குறைக்கான காப்புறுதித் திட்டம், வேலை போனதற்குத் தரும் பணம் இல்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றையாவது பிறர் துணையில்லாமல் செய்ய முடியாது என்று மதிப்பீட்டில் தெரிந்தால்தான் பணம். எங்கள் புளோக்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்காரக்கூட முடியாது. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு குளித்துவிடுவார், சட்டையைப் படுக்கையில் விரித்துவைத்து ஒவ்வொரு கையாக நுழைத்துக்கொள்வார், சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுவார். கணக்குப்படி இது கடும் உடற்குறை ஆகாது.

அப்புறம் இருப்பது மருத்துவக் காரணம் காட்டி மசேநியை முன்கூட்டியே எடுப்பது. அதற்கு இனி எந்த வேலையுமே பார்க்க முடியாத நிலை என்று மருத்துவர் சான்று தரவேண்டும், லாரி ஓட்ட முடியாது என்பது மட்டும் போதாது. அப்படியே கிடைத்தாலும் அது புதிதாக வந்த பணமா என்ன? 65க்கு மேல் மாதாமாதம் வரவேண்டிய அவருடைய சொந்தப் பணம், முன்னாலேயே கரைகிறது.

அமெரிக்காவில் ஓய்வூதியம், உடற்குறைத் தொகை இரண்டையும் நேராக ஒப்பிடலாம். 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 62 வயதிலேயே ஓய்வூதியம் வாங்கினால் 30 விழுக்காடு வெட்டு, உடற்குறைத் தொகைக்குத் தகுதி பெற்றால் அந்த வெட்டு இல்லை. நம் ஊரில் மசேநி சேமிப்பு, கேர்ஷீல்டு காப்புறுதி. தகுதி இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கலாம், ஒன்றால் மற்றது குறையாது. இது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் உழைக்கவும் முடியாமல், படுத்த படுக்கையாகவும் ஆகாமல் நடுவில் நிற்பவருக்கு இதில் இடம் ரொம்பக் குறைவு, அதுவும் உடலுழைப்பை நம்பிப் பிழைத்தவர்கள்தான் பெரும்பாலும் அங்கே மாட்டுகிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. 1980க்கு முன் பிறந்தவர்கள் எல்டர்ஷீல்டிலா கேர்ஷீல்டிலா, எதில் இருக்கிறீர்கள் என்று சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு வழியாக நுழைந்து பார்த்துவிடுங்கள். கேர்ஷீல்டுக்கு முன்பிருந்த பழைய திட்டமான எல்டர்ஷீல்டு என்றால் மாதம் 300 வெள்ளி 5 ஆண்டுக்கு, அல்லது 400 வெள்ளி 6 ஆண்டுக்கு, அவ்வளவுதான். கேர்ஷீல்டு 2020இல் 600 வெள்ளியில் தொடங்கியது, கடும் உடற்குறை நீடிக்கும்வரை ஆயுள் முழுக்க வரும், சந்தாவை மசேநியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தே கட்டலாம். மாறுவதாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கும்போதே மாறுங்கள், ஏற்கெனவே கடும் உடற்குறை வந்துவிட்டவரைச் சேர்க்கமாட்டார்கள்.